வீராவுக்குக் காது கேட்கிறது, வீட்டார் சொல்வதுதான் புரியவில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் 9 மாத ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது, பெயர் வீரா. 6 மாதம் வரை தங்கமாக இருந்தவன் இப்போது பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டு சத்தத்துக்கு மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருகிறான். சொந்தக்காரர்கள் வந்தால் மேலே பாய்கிறான், வாக்கிங் போனால் கையே பிய்ந்துவிடும்போல இழுக்கிறான், மாமாவின் செருப்பைக் கடித்து வைத்துவிட்டுத் திருட்டு முழி முழிக்கிறான். போன வாரம் அவன் சாப்பிடும்போது என் மாமனார் தட்டை நகர்த்தப் போனார், பல்லைக் காட்டி உறுமிவிட்டான். கணவர் பேப்பரைச் சுருட்டி நாலு போடு போட்டார். "யார் எஜமான்னு காட்டணும், மல்லாத்திப் போட்டு அமுக்கிப் பிடிங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பகலில் போர்ட்டிகோவில் சங்கிலியில் கட்டி வைக்கிறோம். நான் "வாடா" என்பேன், பையன் "கம் வீரா" என்பான், கணவர் விசில் அடிப்பார், மாமனார் விரலைச் சொடுக்குவார். 12 வயதில் பையனும் 6 வயதில் பெண்ணும் இருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. ஒரு மாதம் ட்ரெய்னரிடம் விட்டால் அடங்கிவிடுவானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

வணக்கம் சகோதரி. கடிதத்தில் நாலைந்து தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள், அதில் அவசரம் ஒன்றுக்குத்தான், அந்த உறுமலுக்கு. வீட்டில் 6 வயதுக் குழந்தை இருப்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம், செருப்பு காத்திருக்கும்.

உறுமுவது கெட்ட குணம் இல்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ" என்று நாய் வாய்விட்டுச் சொல்வது அது, கடிக்க விருப்பம் இல்லாததால்தான் சொல்கிறது. அதற்கு முன்பே வீரா சத்தமில்லாமல் நாலைந்து தடவை சொல்லியிருப்பான், யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். தட்டுப் பக்கம் ஆள் வந்ததும் சாப்பிடும் வேகம் திடீரென்று கூடும், அல்லது வாய் அப்படியே நின்று உடம்பு விறைக்கும். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பான், அப்போது கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். மற்ற நேரங்களிலும் இப்படித்தான்: பாப்பா கழுத்தைக் கட்டிப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, நாக்கால் மூக்கைத் தொட்டுக்கொள்வது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரித் ருகோஸ் இந்த மாதிரிச் சின்னச் சைகைகளைப் பல வருடம் கவனித்துத் தொகுத்தவர். அவர் சொன்னதில் ஒவ்வொன்றையும் ஒத்துக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்கள் உண்டு, ஆனால் விறைத்த உடம்பையும் வெள்ளை தெரிகிற கண்ணையும் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாலை ஆட்டுகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். விறைத்த உடம்போடு வால் மேலே தூக்கி லேசாக ஆடினால் அது சந்தோஷம் இல்லை.

இப்போது உங்கள் கணவர் போட்ட அந்த நாலு போட்டுக்கு வருகிறேன். வீரா அதில் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? தட்டுப் பக்கம் மனிதர் வந்தால் அடி விழும் என்பது ஒன்று. அப்படியானால் அவன் ஏற்கெனவே பயந்தது சரிதான் என்று ஆகிவிட்டது. உறுமினால் அடி விழும் என்பது இன்னொன்று, அதுதான் ஆபத்து. அடிக்குப் பயந்து உறுமலை நிறுத்திவிடுவான், பயம் உள்ளேயே இருக்கும், அடுத்த தடவை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நேராகப் பல் பதியும். "ஒரு சத்தமும் இல்ல சார், திடீர்னு கடிச்சுட்டான்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, முன்னால் எப்போதாவது உறுமியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான்.

ஆகவே இன்றிலிருந்து அவன் சாப்பிடும்போது யாரும் தட்டைத் தொட வேண்டாம். பழக்குகிறேன் என்று நடுவில் கையை விட்டுத் துழாவுவதும், பாதியில் தட்டைப் பிடுங்கித் திருப்பிக் கொடுப்பதும் நம் ஊரில் ரொம்பப் பேர் செய்வது. அதுதான் இந்தக் குணத்தை உண்டாக்குவதே. நாம் சோறு தின்னும்போது யாராவது இலையை இழுத்து இழுத்து விட்டால் இரண்டாம் தடவை நாமே உறுமிவிடுவோம். பிள்ளைகள் நடமாடாத ஒரு மூலையில் தட்டை வையுங்கள். சில நாள் போகட்டும். அப்புறம் அவன் சாப்பிடும்போது அவனுக்கு விறைப்பு வராத தூரத்தில், ஏழெட்டு அடி தள்ளி நடந்து போய்க்கொண்டே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கமாகப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். எலும்பில்லாத துண்டாக இருக்கட்டும், வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெங்காயமும் மசாலாவும் போட்ட குழம்பிலிருந்து எடுத்ததும் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. நாளாக ஆகத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நீங்கள் வருவதைப் பார்த்ததும் அவன் உடம்பு தளர்ந்து, "இன்னிக்கு என்ன?" என்பதுபோல நிமிர்ந்து பார்த்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இது பெரியவர்கள் செய்கிற வேலை, பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். இத்தனைக்கும் அடங்காமல் உறுமல் கூடிக்கொண்டே போனால் கால்நடை மருத்துவரிடம் காதையும் பல்லையும் காட்டுங்கள், வலி இருக்கிற நாயும் இப்படிச் சீறும்.

தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், லேசான கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வீராவின் ரேபிஸ் தடுப்பூசிக் கணக்கையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், 3 மாதத்தில் போட்டதோடு முடியாது, அதன் பிறகும் டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல் போட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். இந்த "எஜமான்" கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார், அவை ஓயாமல் சண்டை போட்டன, ஜெயித்தது தலைவனானது. அந்தக் கருத்தை 1970-ல் உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் மீச் என்ற அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர். அப்புறம் காட்டிலேயே வருடக்கணக்கில் ஓநாய்களைப் பார்த்த அதே மீச், 1999-ல் தன் பழைய பேச்சைத் தானே திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான், அடித்துப் பிடித்துத் தலைமையை வாங்குவது அங்கே வழக்கமில்லை. சொன்னவரே விட்டுவிட்டதை நாம்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். போதாததற்கு உங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம். காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த நாய், வேண்டாதவர் கை மேலே படுவதே அதற்குப் பிடிக்காது. மல்லாத்திப் போட்டு அமுக்கினால் அமுக்கியவர் முகத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சரி, கூப்பிட்டால் வராத விஷயம். ராஜபாளையம் என்றதும் முதலில் எனக்குத் தோன்றுவது காதுதான். உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறக்கிற நாய்களில் சிலவற்றுக்கு உட்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இருப்பதில்லை, பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். இந்த இனத்தில் இது தெரிந்த குறை. டால்மேஷியனிலும் உண்டு. வீரா தட்டு சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்பதால் ஒரு காதாவது நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஒரு காது மட்டும் கேட்கிற நாய்க்குச் சத்தம் வந்தது தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து என்பது தெரியாது, நடுக்கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் முழிக்கும். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால், கண்ணில் படாமல் நின்று, இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கிப் பாருங்கள். இரண்டு தடவையும் சரியான பக்கம் திரும்பினால் காதைப் பற்றி யோசிக்க வேண்டாம். திரும்பாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காது சரியாக இருந்தால், மிச்சம் உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு "வாடா", ஒரு "கம்", ஒரு விசில், ஒரு சொடுக்கு. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்தம், இரண்டு அடித்தால் கிளம்பு, டிரைவர் திரும்பிப் பார்க்காமலே வண்டி ஓட்டுவார். அதே பஸ்ஸில் நாலு கண்டக்டர் ஏறி ஆளுக்கொரு விதமாக விசில் அடித்தால் டிரைவர் என்ன செய்வார், காதைப் பொத்திக்கொண்டு தன் போக்கில் ஓட்டுவார். வீரா அதைத்தான் செய்கிறான். தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா என்பது பிரச்சினையே இல்லை, நாலு பேரும் ஒன்றையே சொல்ல வேண்டும். "வா", "உக்காரு", "இரு", "விடு" இந்த நாலும் போதும், ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஆனால் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. நேற்று வீராவை எதற்கெல்லாம் கூப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சங்கிலியில் கட்ட. குளிப்பாட்ட. பூச்சி மாத்திரை கொடுக்க. கடித்த செருப்பைக் காட்டித் திட்ட. கூப்பிட்டு, வந்து, அப்புறம் நடந்தது எல்லாமே அவனுக்குப் பிடிக்காதது. தட்டு சத்தம் ஒரு நாளும் அவனை ஏமாற்றியதில்லை, அதனால் அதற்கு ஓடி வருகிறான். "வா" என்ற சொல்லும் அந்தத் தட்டு மாதிரி ஆக வேண்டும், வேலை அவ்வளவுதான்.

பழைய சொற்கள் கெட்டுவிட்டதால் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், வெறும் "வா" போதும். வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் நின்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அவன் வந்ததும் அந்த நொடியிலேயே வாயில் பட்டாணி அளவு முட்டையோ பனீரோ கோழியோ போகட்டும். பரிசு அந்த நொடியில் கொடுத்தால்தான் எதற்குக் கிடைத்தது என்று அவனுக்குப் புரியும், டப்பாவைத் தேடிப் போய் எடுத்து வந்து கொடுத்தால் டப்பா பின்னால் நடந்ததற்குக் கிடைத்ததாக நினைத்துக்கொள்வான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதும். வந்தவனைப் பாதி நேரம் அப்படியே திரும்பப் போய் விளையாட விட்டுவிடுங்கள், இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ரொம்ப முக்கியம். கூடத்திலிருந்து மொட்டை மாடி, அங்கிருந்து நீளக் கயிற்றோடு காலி மனை என்று மெதுவாகப் போங்கள். கயிறு மார்புப் பட்டையில் மாட்டியிருக்கட்டும், கழுத்தில் வேண்டாம். அவன் வரப்போவதில்லை என்று தெரிகிற நேரத்தில் "வா" சொல்லாதீர்கள், தெருவில் பூனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை ஒன்பது தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவையும் கேட்காமல் இருக்கப் பழக்குகிறீர்கள். போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள். திட்டவும் கட்டவும் குளிப்பாட்டவும் இனிமேல் அவனைக் கூப்பிடாதீர்கள், நீங்களே அவனிடம் போங்கள்.

6 மாதம் வரை தங்கமாக இருந்தவன் இப்போது ஏன் இப்படி என்றால், விடலைப் பருவம். நியூகாசில், நாட்டிங்ஹாம், எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது, வழிகாட்டி நாயாகப் பழக்க வளர்த்த நாய்களை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் "உட்கார்" சொல்லிப் பார்த்தார்கள். 8 மாதத்தில் வளர்த்தவர் சொன்னபோது கேட்காமல் முரண்டு பிடித்த நாய்கள் வெளியாள் சொன்னபோது உட்கார்ந்தன. பன்னிரண்டு வயதுப் பையன் வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பருவம் தானாகத் தாண்டும், ஆனால் அடி உதையோடு தாண்டினால் அந்த வடு மட்டும் மிச்சமாகிவிடும்.

இதை வைத்தே உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். ஒரு மாதம் ட்ரெய்னரிடம் விட்டால், அந்த ட்ரெய்னர் சொன்னால் உட்காருவான். வீடியோவும் அனுப்புவார்கள், பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அதே "வாடா", "கம்", விசில், சொடுக்கு. நாய்க்குப் பாடம் இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும், ஒரு இடத்தில் படித்ததை இன்னொரு இடத்தில் தானாகச் செய்யாது. ஒரு மாதம் அடைத்து வைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆள் வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வீட்டுக்கு வந்து, உங்கள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவராகப் பாருங்கள். "நாய் தப்புச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள், இறுக்குச் சங்கிலியையும் முள் பட்டையையும் எடுத்துக் காட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செருப்புக்கும் திருட்டு முழிக்கும் வருகிறேன். அந்த முழி குற்ற உணர்ச்சி இல்லை. அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார், திட்டு வாங்கிய நாய்கள் தப்புச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அதே முகத்தைக் காட்டின. காது பின்னால் போவது, கண்ணைத் தாழ்த்துவது, உடம்பைக் குறுக்குவது எல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்து, "கோபமா இருக்கீங்க, விட்டுடுங்க" என்று சொல்வது. செருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஒரு மணி நேரம் கழித்துக் காட்டுகிற செருப்பு அவனுக்கு வெறும் செருப்புதான். மூடி வைத்த ஷூ ரேக் வாங்குங்கள், கடிக்க அவனுக்கென்று கெட்டியான ரப்பர் பொம்மையோ தேங்காய் நார்க் கயிறோ கொடுங்கள்.

மேலே பாய்வதை நிறுத்துவது சுலபம், சொந்தக்காரர்களைத்தான் பழக்குவது கஷ்டம். பாயும்போது "டேய் டேய்" என்று தள்ளுவதும் கத்துவதும் அவனுக்கு விளையாட்டு. பாய்ந்தால் எல்லாரும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கையும் பேச்சும் கிடைக்க வேண்டும். விருந்தாளி கேட்டைத் திறப்பதற்கு முன்பே கயிறு மாட்டி "உக்காரு" சொல்லி வையுங்கள். "பரவாயில்ல, எனக்கு நாய்னா பிடிக்கும்" என்று சொல்லிக் கொஞ்சுகிற ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார், அவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள்.

இழுப்பதற்கும் பாய்வதற்கும் பாதிக் காரணம் அந்தப் போர்ட்டிகோ சங்கிலி. காட்டுப் பன்றியைத் துரத்தக்கூடிய உடம்பை நாள் முழுக்க ஐந்தடிச் சங்கிலியில் கட்டிவிட்டு, சாயங்காலம் தெருவில் அழகாக நட என்றால் நடக்காது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே, வழக்கமாகக் கட்டிப் போடும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. பகலில் வீட்டுக்குள்ளோ கேட் பூட்டிய காம்பவுண்டுக்குள்ளோ விடுங்கள். வாக்கிங்கை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள், புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து உங்களால் சில நொடி தாங்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது ஆகாது. கயிறு இறுகினால் மரம் மாதிரி நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. கம்பத்தையும் சுவரையும் மோந்து பார்க்க விடுங்கள், அவனுக்கு வாக்கிங்கே அதற்குத்தான். பைக்கில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட விடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். "வா" பழக்குவதை நீங்களும் பையனும் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு ஒரே விதி, வீரா சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பக்கத்தில் போகக் கூடாது, மற்ற நேரத்தில் பெரியவர் யாராவது கூட இருந்தால் மட்டும் விளையாடலாம். சாயங்கால வாக்கிங் கணவருக்கு, பேப்பரைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலைச் சாப்பாடு போடுவதை உங்கள் மாமனாரிடம் கொடுங்கள். உறுமல் அவரைப் பார்த்து வந்ததால் அவர் கை தட்டை எடுக்கிற கை இல்லை, நிரப்புகிற கை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். காலியான தட்டைக் கீழே வைத்து அதில் சோற்றைப் போட்டுவிட்டு உடனே நகர்ந்துவிட்டால் போதும், தடவிக் கொடுக்க வேண்டாம். மாமனாருக்குத் தயக்கம் இருந்தால் முதல் சில நாள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கோழித் துண்டு மட்டும் போடட்டும்.